கொலுசு நிற்கும் இடம்

அன்புள்ள ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வசிக்கிறேன், வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே கால்கள் பருத்து, அழுத்தினாலே வலிக்கின்றன. எங்கே இடித்தேன் என்று தெரியாமலே கன்றிப்போகின்றன. அக்கம்பக்கத்தார் யானைக்கால் என்கிறார்கள். இரவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஒன்றரை ஆண்டு சோற்றைக் குறைத்தும் முகம்தான் வற்றியது. இப்போது ஒரு மருத்துவர் லிப்பெடீமா, அதாவது கால்களில் கொழுப்பு சேரும் நோய், என்கிறார். கொலுசைக் கழற்றிவிட்டேன், கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. இது என் தவறா?

வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சிகிச்சைக்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார். நான் எழுதுவது பெரிதும் உங்கள் கடைசிக் கேள்விக்காக. தவறு உங்களுடையது அல்ல. 1940-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலையை விவரித்திருக்கிறார்கள். பூப்பெய்தும்போதோ கர்ப்பத்திலோ மாதவிடாய் நிற்கும் காலத்திலோ, பெரும்பாலும் பெண்களுக்கே தலைகாட்டும் இது சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு. யானைக்கால் நோயில் பாதமும் வீங்குவது வழக்கம், அதுவும் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக. லிப்பெடீமாவிலோ இரு கால்களிலும் ஒரேபோல் சேரும் கொழுப்பு, சரியாகக் கொலுசு கிடக்கும் இடத்தில் ஒரு படிபோல நின்றுவிடும், பாதம் மெலிந்தே இருக்கும்.

அந்தக் கொழுப்பு பட்டினிக்கு எளிதில் கரைவதில்லை. எடை கூடினால் மூட்டுக்குச் சுமை என்பதால் அளவான உணவு தேவைதான். ஆனால் ஒன்றரை ஆண்டு பசியோடு இருந்தவரிடம் ‘வாயைக் கட்டு’ என்று ஊரே சொல்லும்போது, தனக்குத் தெரியாமல் தின்றுவிட்டோமோ என்று அவரே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். வலியால் நடை குறைகிறது, பேச்சுக்கு அஞ்சி வெளியே போவதும் குறைகிறது, அசையாத கால் மேலும் கனக்கிறது. மனச்சோர்வும் சோற்றையே பகையாகப் பார்க்கும் பழக்கமும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. ஆகவே மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையின் பகுதி என்றே கொள்ளுங்கள்.

அளவெடுத்துப் போடும் அழுத்தக் காலுறை கனத்தையும் வலியையும் குறைக்கும். (சேலத்துச் சித்திரை வெயிலில் அது தண்டனை, ஏற்காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.) நீச்சலும் தண்ணீருக்குள் நடப்பதும் மூட்டை நோகடிக்காத பயிற்சிகள், தண்ணீரின் அழுத்தமே காலுக்கு இதம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு, செலவு அதிகம்.

கொலுசு இறுக்குவதால்தான் கழற்றினீர்கள் என்றால், திருகாணிக்குப் பக்கத்தில் இரண்டு வளையம் கூட்டித் தரச் சொல்லுங்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன உங்கள் பேட்டையில் அது பத்து நிமிட வேலை.