அரசு வழக்கறிஞர் கேட்காத கேள்விகள்

அன்புள்ள ஐயா,

அரசு வழக்கறிஞர் நியமனங்களில் ஆளுங்கட்சியின் கை இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் ஆட்சிகளும் வழக்கறிஞர்களும் மாறியபோதும், 2017இல் உச்ச நீதிமன்றம் சசிகலா உள்ளிட்ட மூவரின் தண்டனையை உறுதி செய்யத்தானே செய்தது? நம் அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்று இதைக் கொள்ளலாமல்லவா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

வழக்கு எந்த வழியாக அந்தத் தீர்ப்புக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. 2001இல் அதிமுக மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டனர். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினர். சாட்சிகள் பிறழ்வது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. அவ்வேளையில் அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கோரி, தாமே குறுக்கு விசாரணை செய்வதுதான் அரசு வழக்கறிஞரின் வேலை. அதற்கு அரசுத் தரப்பு முயலவே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டித்தான் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் வழக்கைப் பெங்களூருவுக்கு மாற்றியது. ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. பின்னாளில் தலையீட்டை மெய்ப்பிக்க ஒரு தாளும் சிக்காது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர் திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன். அவருக்கு அரசியல் காரணமும் இருந்தது, பல ஆண்டுகள் விடாமல் வழக்காடும் வசதியும் இருந்தது. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, நிற்கும் ஒரு கொலை வழக்கில், இறந்துபோன கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்காக அப்படி யார் வழக்காடுவார்கள்? ஆகவே, அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டதாக நான் கருதவில்லை. அரசியல் பகை அதைத் திருத்த வைத்தது.

பெங்களூருவிலும் இந்தச் சிக்கல் ஓயவில்லை. 2005 முதல் சிறப்பு அரசு வழக்கறிஞராக இருந்த பி.வி. ஆச்சார்யா, தமக்கு நெருக்கடி தரப்படுவதாகக் கூறி 2012இல் விலகினார். அடுத்து வந்த பவானி சிங்கைக் கர்நாடக அரசு 2013இல் நீக்கியபோது, அந்த நீக்கத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று வென்றவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களே. தம்மைச் சிறைக்கு அனுப்ப வாதாட வேண்டியவரே நீடிக்க வேண்டும் என்று எதிரிகள் வழக்காடியதை வேறெங்கே காண முடியும்! அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் 2014 செப்டம்பரில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். ஆனால் மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு, அதாவது தண்டிக்கப்பட்டவரின் கட்சி நடத்திய அரசு. அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கூறுவதற்குள் உயர் நீதிமன்றத்தில் வாதங்கள் முடிந்துவிட்டன. எழுத்துபூர்வ வாதத்தைத் தாக்கல் செய்யக் கர்நாடகத்துக்குக் கிடைத்தது ஒரே நாள். மே 11 அன்று அனைவரும் விடுதலை ஆயினர். அந்த விடுதலையைத்தான் 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

சட்டம் இன்றும் மாறிவிடவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் போலவே, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும், சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்கப் பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் போதும். நீதித்துறையில் எவரையும் அரசு கலந்தாலோசிக்க வேண்டிய கட்டாயமில்லை. குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநரகமும் உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. காவல்துறையும் அதே துறையின் கீழ்தான்.

2003இல் இந்த வழக்கை மாற்றியபோது, கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்தே சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஆட்சியில் இருப்பவர்களோ இருந்தவர்களோ எதிரிகளாக உள்ள எல்லா வழக்குகளிலும், நியமனத்துக்கு மட்டுமன்றி நீக்கத்துக்கும் அதையே சட்டவிதியாக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.