ஏழு வயதில் மறுபடியும் பாய் நனைகிறது

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். வியாபாரம் நொடித்து ஏகப்பட்ட கடன். கடன்காரர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள்; ராத்திரியானால் எனக்கும் கணவருக்கும் சண்டை. எப்போதோ நின்றுபோன பழக்கம், ஏழு வயது மகன் மறுபடியும் பாயை நனைக்கிறான். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். இது அவனை ஆயுசுக்கும் பாதிக்குமா?

பதில்: வீட்டில் கஷ்டம் என்பதற்காக எல்லாமே மனசுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய் இவற்றாலும் இப்படி வரும். முதலில் சிறுநீரையும் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தாகம் அதிகமாகி எடையும் குறைந்திருந்தால் இன்றைக்கே.

அதெல்லாம் சரியாக இருந்தாலும் வயிற்றுவலி பொய்யில்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் குடலையும் தூக்கத்தையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் கவனமும் ஞாபகமும் தடுமாறும். சிறுவயதுத் துயரங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் கூடுவதாக 1998-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. அது பல்லாயிரம் பேரை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் மகனின் ஜாதகமாக அதைப் படிக்காதீர்கள்.

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் வளவில், அதாவது நடு முற்றத்தில் பேசினால், பின்னால் இரண்டாங்கட்டு வரை கேட்கும். அரைகுறையாகக் கேட்டதை வைத்து ‘என்னாலதான் சண்டை’ என்று முடிச்சுப்போடும் வயது இது. ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள்: “அப்பாவுக்குப் பணக் கஷ்டம். உன்னால வந்ததில்லை. நாங்க பார்த்துக்கிறோம்.” தொகையெல்லாம் அவனுக்கு எதற்கு? கடன்காரர் வந்தால், “அப்பா இல்லைன்னு சொல்லு” என்று அவனை முகப்புக்கு அனுப்பவே கூடாது. இதைப் பல வீடுகளில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்.

பாய் நனைந்ததற்குத் திட்டாதீர்கள். மாமியார் ஆறுதலுக்கு மந்திரித்துக்கொள்ளட்டும், ஆனால் ‘உன்னை ஏதோ பிடித்திருக்கிறது’ என்ற பேச்சு பிள்ளை காதில் விழக்கூடாது. தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாடு, அப்பத்தா பக்கத்தில் படுக்கை, ஒரு கதை. நிலையாக ஒரு பெரியவர் கூட இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் தூங்குகிறாரா? ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்கிற மாதிரி ஏதாவது பேசினால், பாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.