எந்த ‘பேக்’? ஆங்கிலச் சொற்கள் வாயில் வர ஒரு வழி

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் தமிழ் வழிக் கல்வி, பிறகு பி.காம். முடித்தேன். அகராதி ஒன்று வாங்கி, ஆறு மாதமாகத் தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்கிறேன். பக்கத்திலேயே தமிழ் அர்த்தத்தையும் உச்சரிப்பையும் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் நேர்முகத் தேர்வில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் எதிரில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தேர்வு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அம்மா. அந்தப் பழக்கம்தான் பெரிய சொத்து. மாற்ற வேண்டியது நோட்டு எழுதும் முறையை மட்டும்.

முதலில் அந்த உச்சரிப்புப் பத்தியை விட்டுவிடுங்கள். ‘பேக்’ என்று எழுதியிருந்தால் அது எந்த பேக்? தோளில் மாட்டும் பையும் பேக், முதுகும் பேக், சாமான் கட்டுவதும் பேக், ரொட்டி சுடுவதும் பேக். ஆங்கிலத்தில் இவை நான்கும் வேறு வேறு ஒலியுள்ள சொற்கள். தமிழில் வல்லின எழுத்து இடத்துக்குத் தக்கபடி தானாக ஒலி மாறும். ‘கல்’லில் வரும் ககரம் வேறு, ‘தங்க’த்தில் வரும் ககரம் வேறு. யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடுதான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கிறது.

நீங்கள் பி.காம். என்பதால் இன்னொன்று. கடனைக் குறிக்கும் சொல்லும் ‘டெட்’, இறந்ததைக் குறிக்கும் சொல்லும் ‘டெட்’. கடனில் எழுத்தாக நிற்கும் ‘பி’ ஒலிப்பதே இல்லை. அதன் முடிவு ‘பட்டு’வில் வரும் டகரம் போல இருக்கும்; மற்றதன் முடிவு ‘வண்டு’வில் வருவது போல. நுனியைப் பிடிக்கச் சிரமமாக இருந்தால் அதற்கு முன்னால் வரும் உயிரொலியைக் கவனியுங்கள். முடிவு ‘வண்டு’வில் வருவது போல அதிர்ந்து ஒலிக்கும் சொல்லில் அது சற்று நீளும். பை என்ற பேக் கொஞ்சம் இழுபடும், முதுகு என்ற பேக் சட்டென்று நின்றுவிடும். இந்த நீளத்தைக் கொண்டுவந்தாலே கேட்பவருக்குப் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், நம் நாக்கில் ஊறியது. ‘பஸ்’ஸை ‘பஸ்ஸு’ என்றும் ‘கப்’பைக் ‘கப்பு’ என்றும் சொல்கிறோம். சொல்லின் தொடக்கத்திலும் ‘எவ்ரி’ என்பது ‘யெவ்ரி’ ஆகிறது, ‘ஓன்லி’ என்பது ‘வோன்லி’ ஆகிறது. தமிழ் பேசும்போது இவை நமக்கு இயல்பு. ஆங்கிலம் பேசும்போது மட்டும் விலக்கப் பழகினால் போதும்.

ஆனால் உங்கள் பேச்சு புரியாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் இவை எதுவும் இல்லை, அழுத்தம்தான் என்று நினைக்கிறேன். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய அதற்குரிய இடத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசையைத் தூக்கிச் சொல்லி, மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம். அவர்கள் ‘டிவெலப்’ என்று நடுவே அழுத்துவார்கள். ‘ஹோட்ட’லில் அழுத்தம் பின்னால் வரும். ‘கம்ஃபர்டபிள்’ என்று நான்கு அசையாக நாம் விரிப்பது அவர்கள் வாயில் ‘கம்ஃப்டபிள்’ என்று சுருங்கிவிடும். புகைப்படத்துக்கு ‘ஃபோட்டகிராஃப்’ என்று முதலில் அழுத்தம், புகைப்படக் கலைக்கு ‘ஃபடாக்ரஃபி’ என்று இரண்டாவதில். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து போகும் சரக்கு ‘எக்ஸ்போர்ட்’ என்றால் ‘எக்’கில் அழுத்தம், அனுப்பும் செயல் என்றால் ‘போர்ட்’டில். தவறான அசையை அழுத்தினால், எழுத்தெல்லாம் சரியாக இருந்தாலும் கேட்பவருக்கு அது வேறு ஏதோ சொல்லாகத்தான் தோன்றும்.

ஆகவே நோட்டில் சொல்லை ஆங்கிலத்திலேயே அசை பிரித்து எழுதி, அழுத்தும் அசைக்கு அடிக்கோடு போடுங்கள். எது அந்த அசை என்பதை அகராதியே காட்டும்: உச்சரிப்புக் குறியில் அழுத்த அசைக்கு முன்னால், மேலே சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். பிரிட்டிஷ் ஒலிப்பு, அமெரிக்க ஒலிப்பு இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தமிழில் எழுதியிருப்பவை சுட்டிக்காட்ட மட்டுமே. கேட்டுச் சொல்வதுதான் பாடம்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். தமிழில் பூவைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், நெல்லை அறுக்கிறோம், முருங்கைக்காயை ஒடிக்கிறோம். கீரையை அறுத்தேன் என்றால் அர்த்தம் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பெயருக்கும் அதன் வினை உண்டு. தவறு ‘மேக்’, வீட்டுப்பாடம் ‘டூ’, புகைப்படம் ‘டேக்’, கவனம் ‘பே’. தனிச்சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் எழுதினால் இந்தக் கூட்டு கையில் வராது.

இதில் நம்மை அதிகம் ஏமாற்றுவது ‘வை’ என்ற சின்ன வினை. ‘சாவியை மேசையில் வை’ என்பதற்கு ‘புட்’. ‘நீயே வைத்துக்கொள்’ என்பதற்கு ‘கீப்’. நமக்கு இரண்டும் ‘வை’ என்பதால் முதலாவதற்கும் ‘கீப்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயர் காதில் அது ‘சாவி எப்போதும் மேசையிலேயே இருக்கட்டும்’ என்று விழும். ‘டவுட்’ என்பதும் இப்படித்தான். நமக்குப் பாடத்தில் வரும் சந்தேகம், அவர்களுக்கு நம்பாமை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு ‘க்வெஸ்ச்சன்’ என்று சொல்லுங்கள்.

தினம் பத்து வேண்டாம், மூன்று போதும். அகராதியின் வரிசைப்படி எடுக்காதீர்கள். அன்று பாஸ்புக்கில், பஸ்ஸில், செய்தியில் கண்ணில் பட்டதை எடுங்கள். வட்டியைக் குறிக்கும் ‘இன்ட்ரஸ்ட்’ கிடைத்தால், ஆர்வத்துக்கும் அதுவே சொல் என்று பார்த்து, இரண்டுக்கும் உங்கள் வீட்டைப் பற்றி ஒவ்வொரு வாக்கியம் எழுதிச் சத்தமாகச் சொல்லுங்கள். 1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்த முடிவுகளை வெளியிட்டார். பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோயிற்று, அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. வாக்கியத்தோடு சேராத சொல்லும் அந்த அசைகள் மாதிரிதான். எனவே மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை நோட்டைத் திருப்புங்கள்.

அடுத்த மாதத் தேர்வுக்கு இப்போதே ஒரு வேலை செய்யலாம். உங்களைப் பற்றி எட்டு வாக்கியம் எழுதி, போனில் பதிவு செய்து, தினம் கேட்டுத் திருத்துங்கள். அதில் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் ‘கல்லிடைக்குறிச்சி’ என்று நம் ஒலியிலேயே முழுதாகச் சொல்லுங்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் தாமிரபரணிக் கரை, அப்பளம், கன்னடியன் அணைக்கட்டு என்று உங்களுக்குத் தெரிந்ததையே பேசலாம். அணைக்கட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தேட வேண்டியதில்லை. ‘ஆனிகட்’ என்று நம் சொல்லையே அவர்கள் வாய்க்குத் தக்கபடி மாற்றி ஆங்கில அகராதியில் சேர்த்திருக்கிறார்கள். அழுத்தம் முதல் அசையில்.