முதலில் பள்ளிக்குள் விசாரிக்கலாமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வேன் உதவியாளர் தப்பாகத் தொடுவதாக ஒரு மாணவி சொன்னாள். “நாமே விசாரித்துவிட்டு போலீசுக்குப் போகலாம்” என்கிறார் தலைமையாசிரியர். சரியா?

பதில்: சரியல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, சந்தேகம் வந்தாலே காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தன் ஊழியர் மீதான புகாரை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம்.

பள்ளி விசாரணையில்தான் வழக்கே கெடுகிறது. நாலு பேர் மாறி மாறிக் கேட்டால் குழந்தை பயந்து வார்த்தையை மாற்றும்; “முரண்பாடு” என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். “அவன் இங்கே தொட்டானா?” என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” போதும். அவள் சொன்ன சொற்களை, மழலையைத் திருத்தாமல், தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஆளை எதிரே நிறுத்திக் கேட்பது கொடுமை.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை. சீருடை இல்லாத காவல் அதிகாரி, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார். குழந்தையின் பெயர் ஆசிரியர் அறையில்கூடப் பேசப்படக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் அறவே கூடாது.