அறிக்கை போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே சந்தை ஆய்வு வேலை செய்கிறேன். பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு நேர்காணல்களைத் தொகுத்து, அட்டவணை போட்டு, அறிக்கை எழுதித் தருகிறேன். ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் ரூபாய் வருகிறது. ஐந்து மாதங்களுக்கு முன் அனுப்பிய இரண்டு அறிக்கைகளுக்கு 1,38,000 ரூபாய் வர வேண்டும். கேட்டால், ‘எங்கள் வாடிக்கையாளர் தந்ததும் தருகிறோம்’ என்கிறார்கள். இப்போது ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பணம் போட முடியாது என்கிறார்கள். 7,500 ரூபாய் கொடுத்தால் ஜி.எஸ்.டி. எண், எம்.எஸ்.எம்.இ. சான்றிதழ் இரண்டையும் வாங்கித் தந்து, நிலுவையையும் வசூலித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 7,500 ரூபாயில் ஒரு பைசாகூட அரசுக்குப் போகாது. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் கட்டணம் இல்லை, எம்.எஸ்.எம்.இ. சான்றிதழ் என்று அவர் சொல்கிற, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் கட்டணம் இல்லை. நிலுவையை வசூலித்துத் தருவது அவர் கையில் இல்லவே இல்லை.

முதலில் ஜி.எஸ்.டி. பயத்தை ஒதுக்கிவிடுவோம். தமிழ்நாட்டில் சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ‘வேறு மாநிலத்துக்கு வேலை செய்கிறீர்களே, அதனால் கட்டாயம்’ என்று முகவர்கள் மிரட்டுவார்கள். சேவைகளுக்கு அந்தக் கட்டாயத்தை 2017 அக்டோபரிலேயே நீக்கிவிட்டார்கள். ‘நான் ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவர், என் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள்தான்’ என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அது போதும். தேவையில்லாமல் எண் வாங்கிவிட்டால், வேலையே வராத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம். அந்தத் தாக்கலுக்கு மாதாமாதம் கூலி வாங்கத்தான் முகவர் இந்த எண்ணை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

உத்யம் பதிவு அப்படியல்ல. அது உங்களுக்கு அவசியம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவருக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. ‘எங்கள் வாடிக்கையாளர் தரவில்லை’ என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. வீட்டுக் கூடத்தில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்பவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு தொழில் நிறுவனம்தான்.

ஆனால் தேதி முக்கியம். இதை இரண்டு முறை படியுங்கள். வேலையை ஒப்புக்கொண்ட நாளில் பதிவு இருந்திருக்க வேண்டும். பின்னால் பதிவு செய்தால் அதற்குப் பிறகு செய்யும் வேலைக்குத்தான் பலன் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சரிதானா என்ற கேள்வியை 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். பழைய 1,38,000 ரூபாய்க்கு இன்று பதிவு செய்து இந்தச் சட்டத்தைக் காட்டுவது கடினம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். இதே நிறுவனத்துக்குத் தொடர்ந்து வேலை செய்வதாக இருந்தால், பழைய பேச்சின் தொடர்ச்சியாக அடுத்த வேலையை எடுக்காதீர்கள். உத்யம் எண் கைக்கு வந்தபின், ஒவ்வொரு வேலைக்கும் தொகையும் நாளும் குறித்த புதிய பணி உத்தரவை மின்னஞ்சலில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘வழக்கம்போல் செய்துவிடுங்கள்’ என்றால், ‘உத்தரவு வந்ததும் தொடங்குகிறேன்’ என்று எழுதி அனுப்புங்கள். விலைப்பட்டியலில் உத்யம் எண்ணைப் போடுங்கள்.

பதிவை நீங்களே செய்யலாம். ஆதார், பான் இரண்டும் போதும். மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் தளத்தில் மட்டும் செய்யுங்கள். முகவரியின் முடிவில் ‘கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அசல் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளம். அரசு இத்தனை ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தொழில் வகை கேட்கும்போது ‘சேவை’ என்று தேர்ந்தெடுத்து, 73200 என்ற குறியீட்டை இடுங்கள். சந்தை ஆய்வுக்கும் கருத்துக் கணிப்புக்கும் உரிய குறியீடு அது. போன ஆண்டு என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு, முகவர் அவசரத்தில் சில்லறை வணிகம் என்று பதிந்து தந்திருந்தார். வணிகர்களுக்கு உத்யம் எண் உண்டு, தாமத வட்டி கேட்கும் உரிமை கிடையாது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார் பாவம், கேட்கும் நாளில் அது உதவவில்லை.

உங்கள் தொழிலில் மட்டும் அதிகமாக நடக்கும் இன்னொரு தந்திரம் ‘திருத்தம்’. அறிக்கை போய் இரண்டு மாதம் கழித்து ஏழாம் பக்க அட்டவணையில் வயதுப் பிரிவை மாற்றித் தாருங்கள் என்பார்கள். அதைக் காரணம் காட்டி வேலை முடியவில்லை என்பார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில், ‘இத்துடன் இறுதி அறிக்கை’ என்ற தலைப்போடு அனுப்புங்கள்.

இப்போது பழைய பணம். வருமான வரி இணையதளத்தில் உள்நுழைந்து, உங்கள் பான் எண்ணின் பேரில் பதிவாகியிருக்கும் டி.டி.எஸ். விவரத்தை, அதாவது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியின் விவரத்தைப் பாருங்கள். இந்த வரியைப் பணம் தரும்போதோ, கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்தியதோ அப்போது பிடிக்க வேண்டும். அந்த நிறுவனம் உங்கள் தொகையைச் செலவாக எழுதி வரியையும் பிடித்திருந்தால், அங்கே வரி இருக்கும், உங்கள் வங்கியில் பணம் இருக்காது. தங்கள் கணக்கிலேயே உங்களுக்குத் தர வேண்டும் என்று எழுதிவைத்ததற்கு அதைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைப்பது அரிது. அந்தப் பக்கத்தை உடனே பதிவிறக்கி வையுங்கள்.

பிறகு பதிவுத் தபாலில் ஒரு அறிவிப்பு. தொகை, அனுப்பிய நாள், டி.டி.எஸ். விவரம், இத்தனை நாளில் தராவிட்டால் வட்டியும் கேட்பேன் என்ற வரி நான்கும் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வட்டி கேட்பேன் என்று எழுதித் தெரிவித்த நாளிலிருந்துதான் பொதுவாக வட்டி ஓடும்.

வக்கீல் செலவை நினைத்து மலைக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது, யாரும் தரும் சலுகை அல்ல. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி வரும் வேலைகளுக்குப் பணம் தடைபட்டால், நீங்கள் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. குறு, சிறு தொழில் செய்பவர்களின் நிலுவைப் புகார்களுக்காக அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றம், மனு போடுபவர் இருக்கும் இடத்திலேயே விசாரிக்கும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் உண்டு. மனுவை இணையத்திலேயே பதியலாம். 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அந்தக் கெடுவை மதிப்பதாகத் தெரியவில்லை. சிறு தொகைக்கு வந்தவர் சோர்ந்துபோய்த் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் போடுங்கள். மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க நினைக்கும் நிறுவனம் முக்கால் பங்குத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். அதனாலேயே பலர் மனு எண் வந்ததும் பேச வருவார்கள்.

பழைய தொகைக்கு வழக்குப் போட, பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அறிவிப்பை அனுப்புவதற்கு முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, 1,38,000 ரூபாய் எப்போது வரும் என்று மட்டும் கேளுங்கள். ‘அடுத்த மாதம்’ என்று அவர்கள் பதில் எழுதினால், பாக்கியை ஒப்புக்கொண்டதற்கு அது எழுத்துச் சான்று; அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.