'மைல்டு'ன்னு எழுதிட்டாங்க, அப்புறம் ஏன் இவர் இப்படி மாறிட்டார்?

கரூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 42 வயசு, லேத் பட்டறை. மூணு மாசம் முன்னாடி கார் உரசி பைக்ல இருந்து விழுந்து பத்து நிமிஷம் மயக்கம், சிடி ஸ்கேன் நார்மல், டிஸ்சார்ஜ் சீட்டுல தலைக்காயம் 'மைல்டு, ஜிசிஎஸ் 14'. இப்போ தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு, கையில இருந்த ஸ்பேனரையே தேடறாரு, போன வாரம் அடுப்புல பால் தீஞ்சு வீடு பூரா புகை, பக்கத்துலயே உக்காந்திருந்தவருக்கு வாசனை தெரியல. நடிக்கிறான்னு அவர் அண்ணனே சொல்றாராம்.

நடிப்பு இல்லம்மா. ஜிசிஎஸ்ங்கறது கண்ணு திறக்கறது, பேசறது, கைகால் அசைக்கறதுக்குப் போடற மார்க்கு, 3ல இருந்து 15 வரை. 13ம் அதுக்கு மேலயும் மைல்டு, 9-12 மாடரேட், 8ம் அதுக்குக் கீழயும் சிவியர். அன்னிக்கு எவ்ளோ ஆழமா மயங்கியிருந்தாருன்னுதான் அது சொல்லும், நாளைக்கு மெஷின் ஓட்டுவாரான்னு சொல்லாது. சிடி ரத்தக்கசிவைக் காட்டும், நரம்பு இழை இழுபட்டு அறுந்திருந்தா பெரும்பாலும் காட்டாது. மைல்டுல நிறைய பேருக்கு மூணு மாசத்துல சரியாயிடும், சிலருக்கு இப்படி இழுக்கும். வாசனை போனதை டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க, மூக்கு நரம்பும் கோவத்தை அடக்கற முன்மூளையும் அடுத்தடுத்து இருக்கு. கேஸ் ரெகுலேட்டரை ராத்திரி நீங்களே மூடுங்க.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, வயசானவங்க, தினம் குடிக்கறவங்க, இவங்களுக்கு முதல் ஸ்கேன் நார்மலா இருந்தாலும் சில வாரம் கழிச்சு மூளைக்கு மேல மெதுவா ரத்தம் சேரலாம். தலைவலி ஏறிட்டே போனா, தூங்கித் தூங்கி விழுந்தா, ஒரு பக்கம் கைகால் தளர்ந்தா மறுபடி ஸ்கேன், அன்னிக்கே. உங்க வீட்டுக்காரர் இதுல எதுலயும் வரலன்னாலும் இந்த அறிகுறி வந்தா போயிடுங்க.

அடுத்தது விபத்து நஷ்டஈட்டுக்குக் கோர்ட்ல போடற வழக்கு விஷயம், இதுலதான் எனக்கு வயிறு எரியுது. வார்டுக்குள்ளயே ஒருத்தர் வருவார், "40 பர்சன்ட் ஊனம்னு சர்டிபிகேட் வாங்கித் தரேன், இதுல கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு எதுவும் நிரப்பாத வக்காலத்தை, அதாவது வக்கீலை நியமிக்கற பத்திரத்தை நீட்டுவார். போடாதீங்க. விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து சட்டம், ஆனா மூளை ஒரு வருஷம் வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் மாறிட்டே இருக்கும், இந்தக் கணக்கு யாருக்குத்தான் புரியும்? அதனால மனுவை இப்பவே போடுங்க, செட்டில்மென்ட்டுக்கு அவசரப்படாதீங்க, புரோக்கருக்கு உடனே முடிஞ்சாதான் கமிஷன். வக்கீல் தெரியலன்னா கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க.

ஊன சர்டிபிகேட்டுக்குப் போனா கைகாலை ஆட்டிப் பாத்து அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறாங்க, ஞாபகத்தையும் கோவத்தையும் அளக்க யாருக்கும் நேரமில்ல. அதை அளக்கற நியூரோ சைக்காலஜி டெஸ்டுக்கு எழுதித் தரச் சொல்லி நீங்களே கேளுங்க, பெரிய மெடிக்கல் காலேஜ்ல விசாரிங்க. போறப்ப ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியில விபத்தைப் பதிவு பண்ற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரோட நகல்), டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ஃபிலிம், அதோட ஒரு நோட்டு. பால் தீஞ்சது, ஸ்பேனர் தேடினது எல்லாத்தையும் தேதி போட்டு அதுல எழுதி வைங்க, அவரும் கூட இருக்கறப்பவே டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டுங்க.