தண்ணீரில் கரையாத கற்பூரம் ஸ்பிரிட்டில் கரைவது ஏன்? வேதியியல் ஆசிரியரின் பதில்கள்

உப்பு தண்ணீரில் கரைகிறது. ஸ்பிரிட்டில் போட்டால் அடியிலேயே கிடக்கிறதே சார்?

உப்பு முழுக்க மின்னூட்டம் கொண்ட அயனிகள். அவற்றைச் சூழ்ந்துகொண்டு பிரித்தெடுக்கும் வலு தண்ணீருக்கு உண்டு. 100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் வரை கரையும். ஸ்பிரிட்டின் முக்கியப் பொருள் எத்தனால். தூய எத்தனாலில் 0.1 கிராம்கூடக் கரையாது.

அப்புறம் கற்பூரம் மட்டும் ஏன் நேர்மாறாக?

இது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை கார்பன் வால், அது எண்ணெயோடு சேரும். கற்பூரமோ பெரும்பாலும் கார்பன் கூடு, அதனால் அந்த வாலோடு சேர்ந்துகொள்ளும். சோதனைக் குழாயில் கொஞ்சம் ஸ்பிரிட் எடுத்து, ஒரு வில்லையைப் பொடித்துப் போட்டுக் குலுக்குங்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கூடக்கூட, கரைந்திருந்த கற்பூரம் வெளியே தள்ளப்பட்டு, கரைசல் பால் மாதிரி வெளுக்கும். மறுபடி தாராளமாக ஸ்பிரிட் ஊற்றினால் திரும்பத் தெளியும். பிள்ளைகள் இதை விட்டு நகரவே மாட்டார்கள்.

நான் தச்சு வேலை செய்கிறேன். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அவலரக்கு பாலிஷ் மழைக்காலத்தில் வெளுத்துப்போகிறது. சரக்கு சரியில்லையா?

சரக்கைக் குறை சொல்லாதீர்கள். மேலே சொன்ன கற்பூரக் கதைதான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். உடனே அரக்கு வெண்மையாகிவிடும். ஈரப்பதம் குறைந்த நாளில், மெல்லிய பூச்சாகப் போடுங்கள்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார்க் கறை. சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது!

பயப்படாதீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் சோப்பின் காரத்தால் சிவக்கிறது. நன்றாக அலசினால் மஞ்சளாகிவிடும். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மிச்சக் கறையை வெயில் வெளுக்கும்.

இலையின் பச்சையம் நீக்கும் சோதனையை வீட்டு அடுப்பில் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். பச்சையம் சூடான ஸ்பிரிட்டில் கரையும், உண்மைதான். ஆனால் எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அங்கேயும் நேரடித் தீ கூடாது. தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் ஸ்பிரிட் குழாயை அந்த வெந்நீரில் இறக்க வேண்டும்.